மூலையில் சாத்தி வைத்த கால்

கேள்வி: ரொறன்ரோவில் இயங்கும் எங்கள் ஊர்ச் சங்கத்தின் செயலாளர் நான். ஊர் முல்லைத்தீவு மாவட்டத்தில் இருக்கிறது. போரில் கால் இழந்த 12 பேரின் பட்டியலை அங்கிருந்து அனுப்பியிருக்கிறார்கள். ஒன்பது பேருக்கு முழங்காலுக்குக் கீழே போயிருக்கிறது, மூன்று பேருக்கு மேலே. இங்கே ஒருவர் பாவித்த செயற்கைக் கால்கள் இருபது சேர்த்துத் தருவதாகச் சொல்கிறார். அவற்றைக் கொள்கலனில் அனுப்புவதா, அல்லது காசு அனுப்பி ஆளுக்கொரு புதுக் கால் செய்வித்து விழாவாகக் கொடுப்பதா என்று சங்கத்துக்குள் இழுபறி. பட்டியலில் ஐந்து பேரிடம் ஏற்கெனவே கால் இருக்கிறதாம், ஆனால் போடுவதில்லையாம். அவர்களை எடுத்துவிடலாமா? இன்னொருவருக்கு முதுகில் ஷெல் துண்டு பட்டு இடுப்புக்குக் கீழே இயக்கமில்லை. அவருக்கு ஒரு சக்கர நாற்காலி வாங்கிக் கொடுக்கவும் விருப்பம்.

பதில்: ஐயா, அந்த ஐந்து பேரையும் எடுக்காதீர்கள். முதலில் பார்க்க வேண்டியவர்களே அவர்கள்தான். கால் இருந்தும் போடாதவர் ஏன் போடவில்லை என்று தெரியாமல் மற்ற ஏழு பேருக்குப் புதுக் கால் கொடுத்தால், இரண்டு வருடத்தில் மூலையில் சாத்தி வைத்த கால்களின் எண்ணிக்கை பன்னிரண்டாகும். அவ்வளவுதான் நடக்கும்.

பெரும்பாலும் காரணம் சொக்கெட். மிச்சக் கால் நுழையும் கிண்ணம் அது. ஒருவரின் காலுக்குப் பாரிஸ் சாந்தில் அச்செடுத்து அவருக்கென்றே வார்த்தது. ஆனால் மிச்சக் கால் அப்படியே இருப்பதில்லை. வேலை இல்லாத தசை வருடக் கணக்கில் வற்றிக்கொண்டே போகும், கால் மெலியும், சொக்கெட் தளரும். முழங்காலுக்குக் கீழான சொக்கெட்டில் பாரம் முக்கியமாக முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாரில் இறங்க வேண்டும். கால் மெலிந்து உள்ளே அமிழ்ந்துவிட்டால் சொக்கெட்டின் விளிம்பு சில்லையே இடிக்கும், எலும்பு நுனி அடியில் குத்தும். ஒவ்வொரு அடிக்கும் கால் உள்ளே மேலும் கீழும் ஓடித் தோல் உரியும். ஆள் முதலில் ஒரு சொக்ஸ் கூடப் போடுவார், பிறகு இரண்டு, பிறகு பழைய ரீசேட்டைக் கிழித்துச் சுற்றுவார். ஒரு நாள் கழற்றி மூலையில் வைத்துவிடுவார். கேட்டால் "சரிவரேல்லை" என்பார். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது.

சொக்கெட் பொருந்துகிறதா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. கோதுமை மாவைக் கொஞ்சம் இறுக்கமாகப் பிசைந்து, பெருநெல்லி அளவில் உருட்டி, சிறு பொலித்தீன் துண்டில் சுற்றிச் சொக்கெட்டின் அடியில் போடுங்கள். வழக்கமான சொக்ஸோடு காலைப் போட்டு எழுந்து நின்று பத்து அடி நடந்துவிட்டுக் கழற்றிப் பார்க்க வேண்டும். உருண்டை தட்டையாக உரொட்டி போல் நசிந்திருந்தால் எலும்பு நுனி அடியில் முட்டுகிறது. உருட்டிய மாதிரியே இருந்தால் நுனி அந்தரத்தில் தொங்குகிறது. அதுவும் நல்லதல்ல, ஏனென்றால் மேலே இறுக்கம், கீழே வெற்றிடம் என்றால் நுனியில் இரத்தம் தேங்கி வீங்கும். நாளடைவில் தோல் கறுத்துத் தடித்துப் பொருக்குப் பிடிக்கும். ஓரளவு நசிந்து கொஞ்சத் தடிப்பு மிஞ்சியிருந்தால் சரி. இதோடு சொக்ஸையும் எண்ணுங்கள். சொக்ஸின் தடிப்பைப் 'பிளை' என்று கணக்கிடுவார்கள், ஒன்று, மூன்று, ஐந்து பிளைகளில் வரும். மொத்தம் பத்துப் பிளையைத் தாண்டினால் இனிச் சொக்ஸால் சமாளிக்க முடியாது, புதுச் சொக்கெட்தான் வேண்டும். பாதமும் தண்டும் நன்றாயிருந்தால் சொக்கெட்டை மட்டும் மாற்ற முடியுமா என்று கால் செய்யும் நிலையத்தில் கேளுங்கள். சில முறைகளில் முடியும், சிலவற்றில் முழுக் காலையும் புதிதாகச் செய்வதுதான் மலிவு.

இரண்டாவது காரணம் காலிலேயே இருக்கலாம். 2009இல் மாசி தொடக்கம் மே வரை புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பள்ளிக்கூடக் கட்டடங்களில் இயங்கிய தற்காலிக வைத்தியசாலைகளில், மயக்க மருந்துக்கும் தட்டுப்பாடான நிலையில் வெட்டிய கால்கள் பல. உயிரைக் காப்பாற்றியதே பெரிய காரியம். எலும்பு நுனியை அராவி உருட்டவோ, தசையை மடித்து மேலே தைக்கவோ அங்கே யாருக்கு நேரம் இருந்தது? அதனால் கூரான நுனி, எலும்போடு ஒட்டிய தழும்பு, உள்ளே தங்கிய சன்னம் (ரவை, ஷெல் துண்டு) என்று ஏதாவது இருக்கும். வெட்டுப்பட்ட நரம்பு முனையில் கட்டி வளர்ந்திருந்தால், அந்த இடத்தை விரலால் மெல்லத் தட்டும்போது மின்சாரம் அடித்தாற்போல் துள்ளுவார். அப்போது சிறுபிள்ளையாக இருந்தவர்களுக்கு வேறொரு சிக்கல்: வெட்டிய எலும்பு வளர்ந்து தோலைத் துளைக்கப் பார்க்கும். இப்படிப்பட்ட கால்களுக்கு எத்தனை நல்ல சொக்கெட் செய்தாலும் நிற்காது. எலும்பு முறிவுச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் காட்டி முனையைத் திருத்திய பிறகே அச்செடுக்க வேண்டும். இப்படிப்பட்ட காலுள்ளவருக்காகச் செய்யும் செலவு இந்தப் பயணத்துக்கும், தையல் ஆறும் வரை வீட்டுச் சாப்பாட்டுக்கும் போகட்டும். அந்தக் காசு காலாகக் கண்ணில் தெரியாது. சங்கத்தில் கணக்குக் கேட்பார்கள், இப்போதே சொல்லி வையுங்கள்.

உடம்பில் சன்னம் உள்ளவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால், உள்ளே இரும்பு இருக்கிறது என்று முதலில் சொல்லிவிட வேண்டும். காந்தத்தில் துண்டு அசையலாம், சூடேறலாம். கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ கிட்ட இருந்தால் ஆபத்து. எக்ஸ்ரே பார்த்துவிட்டு வைத்தியர் முடிவு செய்வார்.

மூன்றாவது காரணத்தைச் சொன்னால் பலர் நம்புவதில்லை: செருப்பு. வெளிநாட்டு வடிவப் பாதங்கள் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் குதி உயரமுள்ள சப்பாத்துக்கென்று செய்தவை. நம்மவர் வீட்டுக்குள் வெறுங்கால், கோயிலில் வெறுங்கால், வயலிலும் வெறுங்கால். குதி ஒரு சென்ரிமீற்றர் இறங்கினால் கால் முழுவதும் பின்னால் சரிந்து, அடி வைக்கும்போதெல்லாம் முழங்காலைப் பின்பக்கமாக இடித்துத் தள்ளும். பார்ப்பதற்கு ஏதோ மேட்டில் ஏறுபவர் போல நடப்பார், பின்னேரமானால் முழங்கால் மடிப்பில் வலி. குதிக்குக் கீழே ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் அட்டையை மடித்து வைத்து நடக்கச் சொல்லுங்கள். நடை சீரானால் இதுதான் கோளாறு, தொழில்நுட்பவியலாளர் அரை மணி நேரத்தில் சரிப்படுத்துவார்.

ஜெய்ப்பூர் பாதம் நமக்கு ஒத்துவருவது இதனால்தான். 1960களின் கடைசியில் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்தர் சர்மாவும் வைத்தியர் பி.கே. சேத்தியும் உருவாக்கியபோதே, வெறுங்காலில் நடப்பவரையும் குந்தி இருப்பவரையும் சேற்றில் இறங்குபவரையும் நினைத்துத்தான் செய்தார்கள். உள்ளே மரமும் நுண்துளை றப்பரும், வெளியே அச்சில் வேகவைத்த றப்பர். தண்ணீருக்குப் பயமில்லை. யாழ்ப்பாணத்தில் 1987இலிருந்து ஜெய்ப்பூர் நிலையம் இயங்குகிறது. குறையும் சொல்ல வேண்டும்: பாரம் கூட, கையால் செய்வதால் தரம் ஒன்றுக்கொன்று மாறும். முகாம் வைத்து ஒரே நாளில் பிளாஸ்ரிக் குழாயிலிருந்து செய்து மாட்டிவிடும் கால்களில், அடி திறந்த சொக்கெட் நுனியை வீங்கவைக்கும். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு போர் நாடுகளுக்கென்று உருவாக்கிய பொலிப்புறொப்பிலீன் காலும் நல்லது. இலேசானது, தேவைப்பட்டால் திரும்பச் சூடாக்கித் திருத்தலாம். எது சிறந்தது என்று ரொறன்ரோவில் இருந்து தீர்மானிக்க வேண்டாம். எந்தக் காலை அருகில் உள்ளவர் பழுது பார்க்க முடியுமோ அதுதான் சிறந்த கால்.

இனி அந்த இருபது பழைய கால்கள். அனுப்பாதீர்கள். சொக்கெட் இன்னொருவருடையது, யாருக்கும் பொருந்தாது. சிலிக்கன் உறை பாவித்தது, சுகாதாரக் கேடு. பாதம் இடது வலது, நீளம், ஆளின் எடை மூன்றும் ஒத்துவர வேண்டும். 80 கிலோ கனடாக்காரருக்கான பாதம் 48 கிலோ பெண்ணுக்குப் பலகை போல விறைத்து நிற்கும். அதோடு பொலியூரித்தேன் பாதங்கள் சும்மா வைத்திருந்தாலே கெடும். அலுமாரியில் பூட்டி வைத்த சப்பாத்தின் அடி சில வருடங்களில் மாவாக உதிர்வதைக் கண்டிருப்பீர்கள், அதே சங்கதி. நம் ஊர் வெக்கையும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். கணினி முழங்கால் ஏதும் அந்த இருபதில் இருந்தால், அதற்குச் சார்ஜரும் பராமரிப்பும் எங்கே கிடைக்கும்? உலோகத் தண்டுகளும், பொறிமுறை முழங்கால் மூட்டுகளும், இணைப்புகளும் மட்டும் சில வேளை பயன்படும். அவற்றின் படத்தையும் இலக்கத்தையும் முதலில் நிலையத்துக்கு அனுப்பி, "வேண்டும்" என்று எழுத்தில் பதில் வந்த பிறகு கழற்றிப் பொதி செய்யுங்கள்.

காசுக்கு வருவோம். பல இடங்களில் கால் இலவசமாகவோ சிறு தொகைக்கோ கிடைக்கிறது. பயணம் அப்படி அல்ல. முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் நூறு கிலோமீற்றருக்கு மேல். அச்செடுக்க ஒரு முறை, போட்டுப் பார்த்துக் கோணம் சரிசெய்ய ஒரு முறை, முடித்து நடை பழக ஒரு முறை, சில வாரங்களில் திருத்த இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் துணைக்கு ஒருவர் போக, இருவரின் நாட்கூலி போகும். இதனால்தான் தளர்ந்த ஆணி ஒன்றை முடுக்கப் போகாமல் காலை மூலையில் வைக்கிறார்கள். ஆகவே திட்டத்தை ஒரு நாள் விழாவாக அல்ல, பத்து வருடமாகப் போடுங்கள். வளர்ந்த ஒருவருக்கு ஒரு கால் 3 முதல் 5 வருடம் உழைக்கும், அதாவது பத்து வருடத்தில் இரண்டு மூன்று கால். வயலிலும் மணலிலும் உழைப்பவருக்குப் பாதம் அதைவிட முந்தி வெடிக்கும். சொக்கெட்டின் உள்ளுறை வருடத்துக்கு ஒன்று, சொக்ஸ் வருடத்துக்கு ஆறு, பட்டியும் ஆணியும் அவ்வப்போது. சேர்த்த காசில் பாதிக்கு மேல் முதல் வருடம் செலவழிக்காமல் வைத்திருக்க முடியுமானால் நீங்கள் செய்வது உதவி. முடியாவிட்டால் 12 பேரை ஆறாகக் குறையுங்கள். இது கடுமையாகப் படலாம், ஆனாலும் அதுதான் நேர்மை. கடல் தொழிலுக்குப் போகிறவருக்கு மட்டும் இரண்டாவதாக ஒரு 'தண்ணிக்கால்' தேவை. உலோகப் பாகம் இல்லாத, வெறும் பிளாஸ்ரிக்கும் றப்பருமான கால். உப்புத் தண்ணி ஒரு பருவத்திலேயே ஆணிகளைத் தின்றுவிடும்.

வருடக் கணக்காகக் கால் போடாதவருக்கு உடனே அச்செடுக்கக் கூடாது. மிச்சக் கால் ஊதிப் போயிருக்கும். இழுபடும் பண்டேஜை எட்டு வடிவில் குறுக்கும் மறுக்குமாகச் சுற்ற வேண்டும், நுனியில் இறுக்கம் கூட, மேலே போகப் போகக் குறைய. வளையமாகச் சுற்றினால் கழுத்தை நெரித்த மாதிரி நுனி வீங்கும். நாலைந்து மணி நேரத்துக்கொருமுறை அவிழ்த்துத் திரும்பச் சுற்றி, இரண்டு மூன்று வாரம் போன பின் அளந்து பாருங்கள். சுற்றளவு ஒரே அளவில் நின்றால் அச்செடுக்கலாம். இன்னொன்று முழங்கால் மடக்கம். பாயில் மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். முழங்கால் மடிப்பு பாயைத் தொடாமல் மேலே தூக்கி நின்றால், கமக்கட்டுத் தடியோடு வருடக் கணக்காக மடக்கியே வைத்திருந்ததன் விளைவு அது. குப்புறப் படுத்துக் காலை நேராக நீட்டி, காலையில் ஒரு அரை மணி, மாலையில் ஒரு அரை மணி. முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்கவே கூடாது. மடக்கம் 25 பாகைக்கு மேல் விறைத்துவிட்டால் வழக்கமான கால் போடுவது கடினம், உடற்பயிற்சிச் சிகிச்சையாளர்தான் முதலில் பார்க்க வேண்டும்.

முழங்காலுக்கு மேலே இழந்த மூவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். அந்தக் காலோடு நடக்க, இரண்டு காலுள்ளவரைவிட அரைவாசிக்கும் மேல் கூடுதல் சக்தி செலவாகும். நடைபயிற்சி இரண்டு மூன்று வாரம் தங்கிப் படிக்க வேண்டியது. அது இல்லாமல் கொடுத்த கால் நிச்சயம் மூலைக்குத்தான் போகும். அறுபது தாண்டிய ஒருவர் "எனக்குத் தடியே போதும்" என்றால் அதையும் மதியுங்கள். அவருக்கு நல்ல தடி ஒரு சோடி, அடி றப்பர் வருடத்துக்கு நாலு சோடி, மலசலகூடத்தில் பிடிகம்பி, குந்த முடியாததால் இருக்கைக் கோப்பை. தடியின் மேல்முனை கமக்கட்டுக்கு இரண்டு விரல் கீழே நிற்க வேண்டும், பாரம் கையில் இறங்க வேண்டும். கமக்கட்டில் தொங்கினால் நரம்பு நசிந்து கை விறைக்கும்.

1990களில் மிதிவெடியில் கால் இழந்தவர்கள் இப்போது ஐம்பது அறுபது வயதுக்காரர். பலருக்கு நீரிழிவும் வந்திருக்கிறது. அவர்களுக்கு ஆபத்து இழந்த காலில் அல்ல, மிஞ்சியிருக்கும் நல்ல காலில். இரவில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஈரம் ஒற்றி, கண்ணாடி வைத்துப் பாதத்தின் அடியையும் மிச்சக் காலின் நுனியையும் பார்க்கப் பழக்குங்கள். கழற்றிய பத்து நிமிடத்தில் மறையாத சிவப்பு இருந்தால் சொக்கெட் அழுத்துகிறது. கொப்புளம் கண்டால் ஆறும் வரை கால் போடக் கூடாது. போட முன் எண்ணெய் பூசவும் கூடாது. இல்லாத பாதத்தில் எரிவும் முறுக்கும் வருவதாகச் சொன்னால் மனப்பிரமை என்று சிரிக்காதீர்கள், அது உண்மையான நரம்பு வலி. அதற்குக் குளிசை உண்டு. நிலைக்கண்ணாடியைக் கால்களுக்கு நடுவில் நிறுத்தி, நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்தபடி அசைக்கும் பயிற்சி தினமும் 15 நிமிடம் செய்து பலருக்கு வலி தணிந்திருக்கிறது.

முதுகில் அடிபட்டவருக்குச் சக்கர நாற்காலியை மட்டும் கொடுத்தால் அது அவரைக் கொல்லக்கூடும். உணர்ச்சி இல்லாத இடத்தில் படுக்கைப் புண் விழுந்தால் அவருக்கே தெரியாது. நாற்காலிக்கு முன் நல்ல அழுத்தக் குறைப்பு மெத்தை வாங்குங்கள். 15 முதல் 20 நிமிடத்துக்கொருமுறை கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கவும், படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கொருமுறை புரளவும் வேண்டும். சிறுநீர்க் குழாய் மாதாமாதம் தடையின்றிக் கிடைக்க வேண்டும். அது தட்டுப்பாடாகும் மாதத்தில்தான் பழைய குழாயைத் திரும்பப் போட்டுக் கிருமி பிடிக்கும், சிறுநீரகம் கெடும். நாற்காலி இடுப்பின் அகலத்தைவிட இரு பக்கமும் இரண்டு விரல் கூட இருந்தால் போதும். முன்சில்லு பெரிதாகவும் அகலமாகவும் இருக்கட்டும், வைத்தியசாலைத் தாழ்வாரத்துக்கான சின்னச் சில்லு மணலில் புதையும். பின்சில்லுக்கு ஊர்ச் சைக்கிள் கடையில் ஒட்டக்கூடிய காற்று ரியூப் இருக்க வேண்டும்.

வாழ்வாதாரம் என்று தையல் இயந்திரம் கொடுக்கும் எண்ணமும் சங்கத்தில் எழும், எப்போதும் எழும். மிதிபலகை இயந்திரத்துக்கு இரண்டு பாதமும் கணுக்காலும் மடங்க வேண்டும். ஒற்றைக் காலில் மிதிப்பவருக்கு இடுப்பு நோகும். மோட்டார் பூட்டி, அதன் மிதியை நல்ல காலின் பக்கம் மாற்றிக் கொடுங்கள். நுண்கடன் இருக்கிற வீடா என்றும் விசாரியுங்கள். இருந்தால் இயந்திரம் கடன்காரன் வாசலுக்குப் போய்விடும்.

விழாவைப் பற்றி நேரே கேட்டதால் நேரே சொல்கிறேன்: வேண்டாம். வரிசையில் இருத்தி, காற்சட்டையை மடித்துக் காட்டச் சொல்லி, பெயரோடு முகநூலில் ஏற்றும் படம் யாருக்கு? எப்போது, எங்கே, எப்படிக் காயப்பட்டார் என்ற விவரம் பட்டியலில் தேவையில்லை, கால் செய்ய அது உதவாது. வேறு வழியில் அவருக்குத் தொந்தரவாகலாம். கணக்குக் காட்ட நிலையத்தின் பற்றுச்சீட்டும் பயனாளியின் ஒப்பமும் போதும். முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18ஐ ஒட்டிய வாரத்தில் எதையும் வைக்காதீர்கள். அந்த நாட்களில் ஊரில் கஞ்சி காய்ச்சுவார்கள், விளக்கேற்றுவார்கள், அவரவர் தங்கள் ஆட்களை நினைத்திருப்பார்கள். கால் அளவெடுக்கும் நேரம் அதுவல்ல.

ஊரில் நம்பிக்கையான ஒருவர், முடிந்தால் ஒரு பெண்ணும் கூட, கொப்பியோடு வீடு வீடாகப் போகட்டும். கால் இப்போது எங்கே நிற்கிறது, பின்னேரத்தில் எத்தனை சொக்ஸ், மா உருண்டை என்ன சொன்னது, முழங்கால் பாயைத் தொடுகிறதா, தட்டினால் துள்ளுகிறதா, நீரிழிவு உண்டா, எடை எவ்வளவு, நல்ல பாதத்தின் நீளம் எத்தனை சென்ரிமீற்றர், பிரதேச செயலகத்தில் மாதக் கொடுப்பனவுக்குப் பதிந்தாயிற்றா. பதியாதவரைக் கிராம சேவகர் மூலம் சமூக சேவை உத்தியோகத்தரிடம் அனுப்புவது காசில்லாமல் செய்யக்கூடிய வேலை, அதை இந்த வாரமே தொடங்கலாம். எந்த மாதங்களில் வர முடியாது என்பதையும் எழுதட்டும். பெரும்போக விதைப்பிலும், தை மாசி அறுவடையிலும் நாள் குறித்தால் யாரும் வரமாட்டார்கள். வராதவரை அக்கறையில்லாதவர் என்று சங்கம் எழுதி வைத்துவிடும். அந்தக் கொப்பியின் படத்தை நிலையத்துக்கு அனுப்பி, ஒவ்வொருவருக்கும் என்ன செய்ய வேண்டும், எத்தனை முறை வர வேண்டும், என்ன செலவு என்று எழுத்தில் வாங்கிய பிறகு காசை அனுப்புங்கள்.